சக்கரமும் சாலையும் – 17: ஐம்பதை நெருங்கும்போது முதலிடம்

பட்டாசு லோடு ஏற்றிய வண்டி கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கயிற்று முடிச்சுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை தட்டிப் பார்த்து, தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கவனித்த பிறகுதான் டிரைவர் ஏறுவார். சிவகாசியை விட்டு, திருத்தங்கல், ஆமத்தூர் தாண்டி, விருதுநகரில் நான்கு வழிச்சாலையைப் பிடித்த பிறகும் வண்டி நிதானம் தவறாது. எத்தனை கார் முந்திக்கொண்டு போனாலும் அவருக்குக் கவலை இல்லை. வேகமாகப் போவதில் இந்த மாவட்டத்து டிரைவர்களுக்குப் பெருமை கிடையாது. முப்பது வருஷம் பட்டாசு ஏற்றி, ஒரு பொறிகூட விழாமல் வடக்கே கொண்டுபோய் இறக்கியவரைத்தான் இங்கே மூத்த டிரைவர் என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

சாத்தூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் அப்படி ஒரு அண்ணாச்சி என்னிடம் கேட்டார்:

“ஏன் தம்பி, நம்ம கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் அமெரிக்காவுல போயி லாரி ரேஸ் ஓட்டுனாராமே, நெசமா?”

“நெசம்தான் அண்ணாச்சி. நரேன் கார்த்திகேயன்.”

“அவரு ஃபார்முலா ஒன்னுலதான ஓட்டுனாரு?”

“அதையும் ஓட்டினார், இதையும் ஓட்டினார். இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கார். வயசு ஐம்பதை நெருங்குது.”

டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “மறுபடி ஜெயிச்சிருவாரா?”

இந்த வார அத்தியாயம் முழுக்க அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். டீக்கடையில் சொல்லி முடிக்க முடியவில்லை.

முதலில் அந்த ‘லாரி ரேஸ்’ பற்றி. அமெரிக்காவில் நாஸ்கார் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சாலையில் ஓடும் சாதாரணக் காரின் உருவத்தில் இருக்கும் வண்டிகளை வைத்துப் பந்தயம் நடத்துவது அதன் தொழில். அந்த வண்டிக்கு ஸ்டாக் கார் என்று பெயர். 1948 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பில் ஃபிரான்ஸ் என்பவர் அந்த அமைப்பைப் பதிவு செய்தார். ஆனால் பந்தயத்தின் வேர் அதற்கும் முந்தையது. மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகும் வட கரோலினா, ஜார்ஜியா மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு இரவில் போலீசுக்குத் தப்பி ஓட்டிய டிரைவர்கள் ஏராளம். ஏற்றிய சுமை குலுங்காமல் மலைப்பாதையில் பறக்கக் கற்றுக்கொண்ட அவர்களில் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் மண் மைதானங்களில் ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்க்கத் தொடங்கினார்கள். லோடு ஓட்டியவர்கள் உண்டாக்கிய பந்தயம் அது. இதைச் சொன்னபோது அண்ணாச்சியின் முகத்தில் வந்த மலர்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நாஸ்காரின் முதல் ‘அசல் கார்’ பந்தயம் நடந்தது. கொடியை முதலில் கடந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து வண்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கைச் சாராய லோடு தாங்குவதற்காகக் கெட்டிப்படுத்தியிருந்தது தெரிந்தது. வெற்றியைப் பறித்து, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள். கமான் பட்டைக்கு ஒரு பட்டை கூட்டிப் போட்டால் வண்டி வளைவில் எப்படி நிற்கும் என்பது சிவகாசி ரோட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். டனவே ஜெயித்ததன் ரகசியம் அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவைப்படாது.

நாஸ்காரின் ஒரு பிரிவு 1995 முதல் நடக்கும் டிரக் தொடர். பார்வைக்குப் பிக்அப் வண்டி. உள்ளே குழாய்க் கூண்டு, 5.8 லிட்டர் வி-8 எஞ்சின், ஒன்றரை டன் எடை. 2010 மார்ச்சில் வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில், வைலர் ரேசிங் அணியின் 60-ஆம் எண் டொயோட்டாவில் நரேன் கார்த்திகேயன் உட்கார்ந்தார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 33.

மார்ட்டின்ஸ்வில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1947-லிருந்து ஓடும் மைதானம். ஒரு சுற்று 0.526 மைல், அதாவது 850 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீளமான இரண்டு நேர்கோடுகள், இரு முனைகளிலும் இறுக்கமான வளைவுகள். நேர்கோட்டில் தார், வளைவில் கான்கிரீட். ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது, ஆள் உயரத்துக்கு ஒரு மரக் கடிகாரம் தருவார்கள். அன்றைக்கு டிரக் பந்தயம் 250 சுற்று. கூட்டிப் பார்த்தால் சிவகாசியிலிருந்து திருச்சி போகிற தூரம். அந்த முழுத் தூரத்தையும் 850 மீட்டருக்குள், இடதுபக்கம் மட்டுமே திரும்பி, முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு நடுவில் ஓட்டி முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்துச் சக்கரத்துக்குள்ளிருக்கும் டிஸ்க் செக்கச்செவேல் என்று கனலும். முன்னால் போகிறவர் வழிவிடாவிட்டால் பம்பரால் லேசாக நெட்டி நகர்த்துவது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். ஃபார்முலா ஒன்றில் அப்படித் தொட்டால் இறக்கை உடைந்து பந்தயமே முடிந்துவிடும்.

டிரைவருக்குப் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. அதனால் மைதானத்தின் உச்சியில் ஸ்பாட்டர் என்று ஒருவர் நின்றுகொண்டு, ரேடியோவில் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்: உள்பக்கம் வண்டி இருக்கிறது, இன்னும் இருக்கிறது, இப்போது காலி, ஏறு. குறுகலான சந்தில் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டிக்கொண்டே குரல் கொடுக்கும் கிளீனர் பையனின் வேலைதான் அது. அவன் குரலை நம்பி ஸ்டியரிங்கை ஒடிக்காதவர் லாரி ஓட்ட முடியாது. 600 கிலோ சொச்சம் எடையுள்ள ஃபார்முலா காரில் தன் கண்ணை மட்டுமே நம்பி வளர்ந்தவர் நரேன். அவர் ஒன்றரை டன் வண்டியில், முகம் தெரியாத ஒருவரின் குரலை நம்பி முதல் நாளிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. அந்தப் பந்தயத்தில் 13-ஆம் இடம் வந்தார். பிறந்தது முதல் அந்த மாதிரி மைதானங்களிலேயே வளர்ந்த பிள்ளைகள் பலர் அவருக்குப் பின்னால் முடித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில், ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘மிகவும் விருப்பமான டிரைவர்’ விருது டிரக் தொடரில் அவருக்குத்தான் கிடைத்தது. உலகெங்கும் உள்ள இந்தியர்கள் இணையத்தில் வாக்குப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வாக்குப் போட்டு யாரையும் 13-ஆம் இடத்துக்குக் கொண்டுவர முடியாது. அது அவர் ஓட்டி வாங்கியது.

ஃபார்முலா ஒன் ஓட்டியவர் ஏன் அங்கே போனார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் ஓட்டிய வண்டிகளின் பட்டியலைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

1977 ஜனவரி 14 அன்று பிறந்தவர் நரேன். கோவையில் வளர்ந்தார். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி வீரர், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். கோவைக்கு அன்றைக்கு ஒரு பலம் இருந்தது. வார்ப்படக் கூடங்களும் லேத் பட்டறைகளும் நிறைந்த அந்த ஊரில் கரிவரதன் என்ற மனிதர் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நடுத்தரப் பணத்தில் ஓட்டக்கூடிய வண்டிகள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் பந்தயத் தடம் வந்தது. நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அங்கேதான்.

1992-ல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்ப் படித்தார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததால்தான் இன்றைய சிவகாசி இருக்கிறது. வெளியூர் போய்த் தொழில் கற்பது என்றால் என்ன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1994-ல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார் நரேன். ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் என்ற பெயர் அதில் கிடைத்தது. 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம். 1999-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் இரண்டு வெற்றிகள், 2000-ல் அதே தொடரில் ஒட்டுமொத்தமாக நான்காம் இடம். மூன்றாம் இடம் பிடித்தவர் தக்குமா சாட்டோ என்ற ஜப்பானியர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த முதல் இந்தியர் ஆனார்.

இந்தப் பருவத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டி 2005-க்கு வந்துவிடுகிறார்கள். நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஃபார்முலா ஃபோர்டு, ஃபார்முலா ஆசியா, ஃபார்முலா த்ரீ எல்லாம் வண்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் தொடர்கள். யார் கையில் திறமை இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். அங்கெல்லாம் நரேன் ஜெயித்தார், அல்லது ஜெயிப்பவர்களுக்கு அருகில் இருந்தார்.

2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டான் அணி அவரை எடுத்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. டாடா நிறுவனம் பின்னால் நின்றது. ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயத்திலேயே தகுதிச் சுற்றில் 12-ஆம் இடம். ஜோர்டான் அப்போது கைமாறிக்கொண்டிருந்த, காசில்லாத அணி. அந்த வண்டியில் 12-ஆம் இடம் எடுப்பதற்கு என்ன வேண்டும் என்பது பந்தயக்காரர்களுக்குத் தெரியும்.

ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸ். இந்தப் பந்தயம் பற்றி நம் ஊரில் சொல்லப்படுவதில் பாதி அரைகுறை. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற வளையத் தடம் அது. ஃபார்முலா ஒன் பந்தயம் அதன் உள்பகுதிச் சாலையையும், சாய்வான ஒரு வளைவையும் சேர்த்து ஓடியது. 13-ஆம் வளைவு என்று பெயரிட்ட அந்தச் சாய்வில் முழு வேகத்தில் போகும்போது, சுமை முழுவதும் இடப்பக்கப் பின் டயரில் இறங்கும். மிஷெலின் டயர்கள் அதைத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமையே ரால்ஃப் ஷூமாக்கர் அங்கே சுவரில் மோதினார். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் அந்த 73 சுற்றுப் பந்தயத்தை ஓடின. மைக்கேல் ஷூமாக்கர், பாரிகெல்லோ, மொன்டேரோ, நான்காவதாக நரேன். ஐந்து புள்ளிகள். கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில்கள் பறந்தன.

ஆறு பேரில் நான்காவது என்று இதை இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஃபெராரியில் இருந்தார்கள். மீதி நான்கு பேரும் பந்தய வரிசையின் கடைசியில் கிடந்த அணிகளின் ஓட்டுநர்கள். அதில் இரண்டு பேரைப் பின்னால் தள்ளி, வண்டியை உடைக்காமல் முடிக்க வேண்டியிருந்தது. இன்று வரை ஃபார்முலா ஒன்றில் புள்ளி வாங்கிய ஒரே இந்தியர் அவர்தான். அந்தப் புள்ளிகளுக்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஒரு வளையத் தடம் அவருக்குக் கொடுத்தது அது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நாட்டில், வேறொரு வளையத்தில், ஒன்றரை டன் வண்டியோடு போய் நின்றார்.

நடுவில் வில்லியம்ஸ் அணியில் இரண்டு ஆண்டுகள் சோதனை ஓட்டுநர் வேலை. நாடுகள் மோதிய ஏ1 தொடரில் இந்தியாவுக்காக 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயிலும், 2008 மே மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் வென்றார். அந்தத் தொடரில் எல்லா நாடுகளுக்கும் ஒரே வண்டி. 2009-ல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஆடி காரில் தயாராக இருந்தவர், பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து இறங்கும்போது தடுமாறித் தோள்பட்டை நழுவி ஓட்ட முடியாமல் போனார். 2010-ல் பத்மஸ்ரீ.

2011, 2012 இரண்டு ஆண்டுகளும் ஹிஸ்பானியா என்ற ஸ்பெயின் அணி. இதை நீட்டிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. தகுதிச் சுற்றில் முதல் ஆளின் நேரத்தைவிட 7 சதவீதத்துக்கு மேல் மெதுவாக இருந்தால் பந்தயத்திலேயே சேர்க்க மாட்டார்கள் என்று விதி. 2011 ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரண்டு கார்களும் அப்படி வெளியே நின்றன. பாதிப் பருவத்தில் இருக்கையை டேனியல் ரிக்கார்டோவுக்குக் கொடுத்தார்கள். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்குத் திரும்ப வந்து, 17-ஆம் இடத்தில் முடித்தார். ஒரு படி பின்னால், அதே மாதிரிக் காரில், ரிக்கார்டோ. பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ வென்ற அதே ரிக்கார்டோதான். 2012 மலேசியாவில் மழை. கடைசி வரிசையில் முழு மழை டயரோடு தொடங்கிய நரேன், பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடத்தில் இருந்தார். பிறகு வெட்டல் என்ற ஓட்டுநரோடு ஏற்பட்ட உரசலும், வெட்டல் கோபத்தில் பேசிய பேச்சும்தான் செய்தியாகின. பத்தாம் இடம் யாருக்கும் நினைவில் இல்லை. அந்த ஆண்டோடு அணியே மூடப்பட்டது.

அவரைத் தோற்றவர் என்று எழுதுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சான்று இந்த வண்டிகள் மட்டும்தான். கார் பந்தயத்தில் ஓட்டுநரின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே வழிதான் உண்டு: எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வண்டி கொடுத்துப் பார்ப்பது. நரேனின் வாழ்க்கையில் அப்படி நடந்த பெரும்பாலான இடங்களில் வெற்றி இருக்கிறது. 2013-ல் ஐரோப்பாவின் ஆட்டோ ஜிபி தொடரில் மட்டும் ஐந்து வெற்றிகள்.

அதன் பிறகு ஜப்பான். 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலா தொடரில் ஐந்து பருவங்கள் ஓட்டினார். ஒரு வெற்றிகூட இல்லை. வயது நாற்பதைத் தாண்டியது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஓட்டுநர்கள் வர்ணனையாளர் நாற்காலிக்குப் போய்விடுவார்கள்.

வயது என்ன செய்யும்? ஸ்டாக் கார் உலகம் இதற்கு நல்ல சாட்சி வைத்திருக்கிறது. வட கரோலினாக்காரர் ஹாரி காண்ட், 1940-ல் பிறந்தவர், வீடு கட்டும் தொழில் பார்த்தவர். நாஸ்காரின் உச்சத் தொடரில் அவர் முதல் வெற்றி பெற்றபோது வயது 42. நடந்த இடம் மார்ட்டின்ஸ்வில். 1991 செப்டம்பரில் அடுத்தடுத்து நான்கு பந்தயங்களை வென்றார், அதில் நான்காவது மறுபடி மார்ட்டின்ஸ்வில். 1992 ஆகஸ்டில் மிச்சிகனில் கடைசி வெற்றி, வயது 52. அந்தத் தொடரில் அவரைவிட அதிக வயதில் ஜெயித்தவர் இல்லை. மார்க் மார்ட்டின் 2005-க்குப் பிறகு வெற்றியில்லாமல், பாதிப் பாதிப் பந்தயங்கள் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர். 2009-ல் நல்ல அணி ஒன்று முழுநேர இருக்கை கொடுத்தது. ஐம்பது வயதில் ஒரே ஆண்டில் ஐந்து வெற்றிகள், பட்டப் போட்டியில் இரண்டாம் இடம்.

சாட்டோவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவர் பிறந்தது 1977 ஜனவரி 28, நரேனுக்குச் சரியாக இரண்டு வாரம் இளையவர். ஃபார்முலா ஒன்றில் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. அமெரிக்கா போனார், வளையத் தடங்களைக் கற்றார். 40 வயதில் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 43 வயதில், 2020-ல், இன்னொரு முறை வென்றார். ஒரே வயது, ஒரே பள்ளியில் படித்தவர்கள் மாதிரி ஒரே தொடரில் மோதியவர்கள். சாட்டோவின் நாட்டில் ஹோண்டா இருந்தது. நரேனுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஆதரவாளரைத் தேடிக் கதவு தட்ட வேண்டியிருந்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான் என்பது என் துணிபு.

நாற்பதுக்கு மேல் ஓட்டுநரிடம் குறைவது ஒரு சுற்று வேகத்தின் கடைசித் துளி. உயிரைப் பணயம் வைத்து ஒரே சுற்றில் எடுக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடி. கூடுவது என்ன? டயர் தேய்வதைக் கைவழியே உணர்வது, ஈரத் தரையில் பிடிமானம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது, முன்னால் போகிறவர் எப்போது தவறுவார் என்று பொறுத்திருப்பது. நீண்ட பந்தயங்களிலும் மழையிலும் இந்த இரண்டாவது பட்டியல்தான் ஜெயிக்கும்.

2019-ல் ஒற்றை இருக்கைக் கார்களிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு, ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடருக்குப் போனார் நரேன். அணி நகாஜிமா ரேசிங். உரிமையாளர் சடோரு நகாஜிமா, 1987-ல் ஃபார்முலா ஒன்றுக்குப் போய் முழுநேரமாக ஓட்டிய முதல் ஜப்பானியர். தன் நாட்டின் முதல் ஆளாக இருந்தவரிடம், இன்னொரு நாட்டின் முதல் ஆள் வேலைக்குச் சேர்ந்தார். 64-ஆம் எண் ஹோண்டா என்எஸ்எக்ஸ். சூப்பர் ஜிடியில் அப்போது நான்கு டயர் கம்பெனிகள் மோதின. நகாஜிமா அணிக்கு டன்லப். முன்னணி அணிகள் பெரும்பாலும் பிரிட்ஜ்ஸ்டோன். வழக்கமான பந்தயங்களில் 64-ஆம் எண் வண்டி அபூர்வமாகத்தான் முன்னால் தெரிந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் ஃபூஜி மைதானத்தில் ஒரு சிறப்புப் பந்தயம் ஏற்பாடானது. ஜெர்மனியின் டிடிஎம் தொடரிலிருந்து ஆடி, பிஎம்டபிள்யூ கார்களும், ஜப்பானின் ஹோண்டா, லெக்சஸ், நிசான் கார்களும் ஒன்றாக மோதின. விதி: எல்லோருக்கும் ஒரே ஹாங்கூக் டயர். வழக்கமாக இருவர் மாறி மாறி ஓட்டும் காரை இதில் ஒருவரே ஓட்ட வேண்டும். சனிக்கிழமை நியூசிலாந்துக்காரர் நிக் காசிடி வென்றார். நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பந்தயம். டன்லப், பிரிட்ஜ்ஸ்டோன் என்ற பேச்சே இல்லை. ஐரோப்பாவின் தேர்ந்த ஓட்டுநர்களும் ஜப்பானின் தேர்ந்த ஓட்டுநர்களும் ஒரே டயரில். கொடியை முதலில் கடந்தது 64-ஆம் எண். நரேனுக்கு வயது 42. ஹாரி காண்ட் முதல் வெற்றி பெற்ற அதே வயது.

குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய சிவகாசியில் இந்த வெற்றி ஒரு வரிச் செய்தியாகக்கூடப் பேசப்படவில்லை என்பது எனக்கு ஆறாத குறை. சினிமா போஸ்டரும் காலண்டரும் உலகத்துக்கே அச்சடித்துக் கொடுக்கும் ஊர். ஃபூஜி மேடையில் நின்ற தமிழரின் படம் ஒரு காலண்டரில்கூட என் கண்ணில் படவில்லை.

2021 ஆசிய லு மான் தொடரில் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் சேர்ந்து, முழுக்க இந்திய ஓட்டுநர்களைக் கொண்ட முதல் அணியாக ஓட்டினார். இதற்கிடையில் கோவையில் டிரைவ்எக்ஸ் என்று பழைய இருசக்கர வாகனங்களைச் சரிசெய்து விற்கும் நிறுவனம் தொடங்கினார். அதில் டிவிஎஸ் மோட்டார் பங்கு வாங்கியது. சிறுவர்களுக்குக் கார்ட்டிங் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு பெற்றுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் வந்தபோது, சிவகாசியில் வெடித்த வெடி ஒரு தீபாவளிக்குச் சமம். அதே ஆண்டு, அஜித்தின் அணியில் 2025–26 ஆசிய லு மான் தொடருக்கு நரேனும் சேர்கிறார் என்ற அறிவிப்பு வந்தது. எல்எம்பி3 என்ற பிரிவு. நான்கு மணி நேரப் பந்தயங்கள், ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். எஞ்சின் எல்லோருக்கும் ஒன்றே. வண்டிச் சட்டமும் அனுமதி பெற்ற சில கம்பெனிகளிலிருந்துதான் வாங்க வேண்டும். காசைக் கொட்டி யாரும் எட்டாத வண்டி கட்டிவிட முடியாது.

ஆகவே என் பதில்: வாய்ப்பு இருக்கிறது, நல்ல வாய்ப்பு. அவர் கைக்கு ஏற்ற பந்தயம் இது. வண்டிகள் சமம், நேரம் நீளம், டயரைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு மதிப்பு. ஆனால் மூவர் ஓட்டும் காரில் ஒருவர் மட்டும் ஜெயிக்க முடியாது. கூட ஓட்டுகிறவர்கள் எத்தனை விநாடி இழக்கிறார்கள், பிட்டில் டயர் மாற்றும் பையன்கள் எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் மறுபடி ஹெல்மெட் மாட்டுவதை ஆசை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஃபூஜி நடந்து ரொம்ப நாள் ஆகிவிடவில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செய்தியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் வரும்போது, அதை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எந்தப் பிரிவில் எத்தனாவது, எந்த வண்டியில், எந்த டயரில், அவர் ஓட்டிய நேரத்தில் கார் முன்னேறியதா பின்தங்கியதா என்று தேடிப் பாருங்கள். அந்த விவரங்கள் எல்லாம் தொடரின் அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில் கிடைக்கும். பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த வாரம், மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கரிவரதன்.

(தொடரும்)